பாதி மீசை

பார்லரம்மா: ...இன்னும் கொஞ்சம் பின்னால சாய்ங்க. இன்னும். நாற்காலி விழாது, பயப்படாதீங்க. ஆங்... அப்படியே இருங்க.

வந்தவங்க: வலிக்குமா?

பார்லரம்மா: வலிக்காதுன்னா பொய். உயிர் போயிரும்னா அதுவும் பொய். நடுவுல ஒண்ணு இருக்கு, அதுக்குக் கண்ணுல தண்ணி மட்டும் வரும். நூல் போடுறது முதல் தடவையா?

வந்தவங்க: ம்... இத்தனை வருஷமா கத்திரிக்கோல்தான். வீட்லயே.

பார்லரம்மா: அதான் பாத்தேன். ரெண்டு புருவமும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிக்குது.

வந்தவங்க: ரொம்ப கிண்டல் பண்றீங்களே... இன்னிக்குத்தான் வந்திருக்கேன்.

பார்லரம்மா: முதல் தடவை வர்றவங்களைத்தான் நான் கிண்டல் பண்ண முடியும். ரெண்டாவது தடவை வந்தா அவங்க என்னைப் பண்ணுவாங்க. பவுடர் போடுறேன், தும்மல் வந்தா முன்னாடியே சொல்லிருங்க. நூலோட ஒரு முனை என் பல்லுல இருக்கும். நீங்க தும்மினா என் பல்லு ஆடும்.

வந்தவங்க: வாயிலயா வச்சுக்குவீங்க!

பார்லரம்மா: பின்ன? கை ரெண்டுதானே இருக்கு. அதனால நூல் போடுறப்ப நான் பேச முடியாது, நீங்க பேசலாம். உதட்டுக்கு வந்துட்டா நீங்களும் பேச முடியாது. பேச வேண்டியது ஏதாவது இருந்தா அதுக்குள்ள பேசி முடிச்சிருங்க.

வந்தவங்க: எனக்கு என்ன பேச வேண்டியிருக்கு... ஒண்ணும் இல்லையே.

பார்லரம்மா: சும்மா சொன்னேன். இந்த விரலால புருவத்தை மேல இழுத்துப் பிடிங்க. இந்த விரலால இமைய கீழ. விட்டுராதீங்க, தோல் மாட்டிக்கும்... அது என்ன, விரல்ல சிவப்பு மை?

வந்தவங்க: அதுவா... பேனா கசிஞ்சிருச்சு.

பார்லரம்மா: ஓஹோ. புடிங்க. ...ம்ம்... ம்ம்...

வந்தவங்க: ஆ! அம்மா! ஆ... என்னங்க இது, எறும்பு வரிசையா வந்து கடிக்கிற மாதிரி... ஆ! நிறுத்துங்க, நிறுத்துங்க!

பார்லரம்மா: நிறுத்திட்டேன். என்ன?

வந்தவங்க: ஒண்ணும் இல்ல. மூச்சு விட்டுக்கிறேன்.

பார்லரம்மா: நல்லா விடுங்க, அவசரம் இல்ல. போன்ல ஞாயித்துக்கிழமை விசேஷம்னீங்களே, யாருக்குக் கல்யாணம்?

வந்தவங்க: எங்க... அக்கா பையனுக்கு.

பார்லரம்மா: சந்தோஷம். அக்கா பையனுக்கே இவ்வளவு கண்ணீர் விட்டா, சொந்தப் பையன் கல்யாணத்துக்கு என்ன பாடு படுவீங்களோ.

வந்தவங்க: நீங்க நூலைப் போடுங்க.

பார்லரம்மா: ம்ம்...

வந்தவங்க: ஸ்ஸ்... ஆ... கேக்கிறேனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குக் குழந்தைங்க?

பார்லரம்மா: ம்ம்.

வந்தவங்க: பையனா?

பார்லரம்மா: ம்ஹும்.

வந்தவங்க: பொண்ணு. ஒரே பொண்ணா?

பார்லரம்மா: ம்ம்.

வந்தவங்க: கல்யாணம் ஆயிருச்சா?

பார்லரம்மா: ம்ஹும்.

வந்தவங்க: அவளுக்கும் நீங்கதான் இதெல்லாம்... புருவம், உதடு, கை, கால்... எல்லாம் எடுத்து விடுவீங்களோ?

பார்லரம்மா: இருங்க, இருங்க. இதுக்கு ம்ம், ம்ஹும்ல பதில் சொல்ல முடியாது. நூலை எடுத்துட்டுச் சொல்றேன். ...என் பொண்ணு மூஞ்சிகிட்ட என் நூல் போய் மூணு வருஷம் ஆச்சு.

வந்தவங்க: ஏன்?

பார்லரம்மா: வேணாம்னுட்டா. புருவம் ரெண்டும் நடுவுல கை கோத்துக்கிட்டு நிக்குது. மேல் உதட்டுல மீசை. லேசா இல்ல, தூரத்துலேருந்தே தெரியும். தெருவுல பாதிப் பேருக்கு நான்தான் முகம் திருத்துறேன். என் வீட்டுக்குள்ள மீசை நடமாடுது.

வந்தவங்க: டாக்டர்கிட்ட காட்டினீங்களா? இல்ல... இந்த ஹார்மோன் அது இதுன்னு சொல்றாங்களே... நாளைக்குக் குழந்தை குட்டின்னு வர்றப்ப...

பார்லரம்மா: அவ்வளவு தூரம் போயிட்டீங்களா! காட்டியாச்சு. ரத்தம், ஸ்கேன், எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமே இல்ல. அது எங்கப்பா மீசை. சொத்துன்னு எதுவும் எழுதி வைக்கல மனுஷன், பேத்திக்கு மீசைய மட்டும் வச்சிட்டுப் போயிட்டாரு.

வந்தவங்க: அப்பாடா.

பார்லரம்மா: உங்களுக்கு எதுக்கு அப்பாடா?

வந்தவங்க: இல்ல... ஒரு பொண்ணு நல்லா இருந்தா சந்தோஷம்தானே. ஆனா பாருங்க, உடம்பு நல்லா இருக்குன்னா எடுத்துற வேண்டியதுதானே. நீங்களே இந்தத் தொழில்ல இருக்கீங்க. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? புரிஞ்சுதா நான் சொல்றது?

பார்லரம்மா: புரிஞ்சுது டீச்சர்.

வந்தவங்க: என்ன சொன்னீங்க?

பார்லரம்மா: பேச்சுக்குச் சொன்னேன். பாடம் நடத்துற மாதிரி புரிஞ்சுதா, புரிஞ்சுதான்னு கேக்கிறீங்களே.

வந்தவங்க: நான்... வீட்லதான் இருக்கேன்.

பார்லரம்மா: வீட்ல இருக்கிறது ரொம்ப நல்லது. அந்தப் பக்கம் திரும்புங்க, அடுத்த புருவம். என்ன கேட்டீங்க? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க. எந்த ஊர்ல பாக்குறவங்க?

வந்தவங்க: எந்த ஊரா இருந்தா என்ன, எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே.

பார்லரம்மா: அதான் இல்ல! இங்க மியூசியத்துல சுத்திக் காட்டுற பொண்ணு ஒருத்தி பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருவா. நீங்க உக்காந்திருக்கிற இதே நாற்காலி. நான் நூலைப் பல்லுல கடிச்சிட்டு இருப்பேன், அவ சொல்லிட்டே இருப்பா. தஜிகிஸ்தான்னு ஒரு தேசம். அங்க புருவம் சேந்திருந்தாத்தான் அழகாம். சேராத பொண்ணுங்க ஏதோ இலைச் சாறு எடுத்து நடுவுல கோடு இழுத்துக்குவாங்களாம்.

வந்தவங்க: சேர்றதுக்கா!

பார்லரம்மா: இன்னும் கேளுங்க. ஜப்பான்ல அந்தக் காலத்துப் பெரிய வீட்டுப் பொண்ணுங்க புருவத்தை முழுசா எடுத்துட்டு, நெத்தியில ரெண்டு விரக்கடை மேல தள்ளி மையால ரெண்டு பெரிய பொட்டு வரைஞ்சுக்குவாங்களாம்.

வந்தவங்க: இருந்த இடத்துல இருந்ததுக்கு என்ன குறைச்சலாம்?

பார்லரம்மா: அதைத்தான் நானும் கேட்டேன். ஐரோப்பாவுல ஐநூறு வருஷத்துக்கு முன்னால நெத்தி பெருசா இருந்தா அழகுன்னு முன்னந்தலை முடியவே ஒவ்வொண்ணா பிடுங்கிப் போட்டாங்களாம். எங்க வீட்டுக்காரர் அங்க பொறந்திருந்தா பேரழகன். இழுத்துப் பிடிங்க... ம்ம்...

வந்தவங்க: ஹா... ஹா... சிரிக்க வச்சுட்டு நூல் போடாதீங்க! ஆ!

பார்லரம்மா: அந்தக் காலத்து எகிப்துல இன்னும் வேடிக்கை. வீட்டுப் பூனை செத்துட்டா குடும்பமே புருவத்தை வழிச்சுக்குமாம். துக்கமாம்.

வந்தவங்க: பூனைக்கா!

பார்லரம்மா: பூனைக்கு. எதிர்ல ரெண்டு பேர் புருவம் இல்லாம வந்தா, ‘ஐயோ, எப்போ போச்சு?’ன்னு விசாரிக்கணும். அவங்க ஊர்லதான் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் காய்ச்சி, அந்தப் பாகை ஒட்டிக் கை கால் முடி எடுக்கிறது. அதோ அடுப்பு மேல இருக்கே, அந்தச் சட்டி அதுக்குத்தான். நேத்து ஒரு அம்மா அல்வான்னு நெனச்சு விரலை விட்டுட்டாங்க.

வந்தவங்க: ஆம்பிளைங்களுக்கு மட்டும் இந்தக் கஷ்டம் ஒண்ணும் இல்ல பாருங்க.

பார்லரம்மா: ஏன் இல்ல? நீச்சல் போட்டிக்காரங்க, சைக்கிள் பந்தயக்காரங்க எல்லாம் காலை வழவழன்னு வழிச்சுக்கிறாங்களே.

வந்தவங்க: அது ஜெயிக்கிறதுக்கு. எங்க வீட்டுக்காரருக்குக் காதுல ஒரு புதரே இருக்கு. இருபத்தேழு வருஷத்துல ஒருத்தர்... ஒரே ஒருத்தர், ‘சார், அதைக் கொஞ்சம் எடுங்க’ன்னு சொன்னதில்ல. அவரும் அதோட சந்தோஷமா நாலு இடத்துக்குப் போயிட்டு வர்றாரு.

பார்லரம்மா: நல்ல மனுஷனோ?

வந்தவங்க: நல்லவர்தான். நாளுக்கு நாலு வார்த்தை பேசுவாரு. அதுல மூணு, ‘கண்ணாடி எங்க வச்சேன்?’

பார்லரம்மா: புருவம் முடிஞ்சுது. கண்ணாடியில பாருங்க.

வந்தவங்க: அட... அட! அண்ணன் தம்பி சமாதானம் ஆயிட்டாங்களே!

பார்லரம்மா: இப்ப உதடு. அதுக்கு முன்னாடி மீதியச் சொல்லிடுறேன். பாரசீகத்துல ஒரு வழக்கம் இருந்துதாம். கல்யாணம் நிச்சயம் ஆகிற வரைக்கும் பொண்ணுங்க மூஞ்சில ஒரு முடி எடுக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடிதான் பொம்பளைங்க எல்லாம் கூடிப் பாட்டுப் பாடி முதல் நூல் போடுவாங்களாம். திருத்தின முகத்தப் பாத்தாலே கல்யாணப் பொண்ணுன்னு ஊருக்குத் தெரிஞ்சிரும்.

வந்தவங்க: அது நல்லா இருக்கே! அப்ப உங்க பொண்ணுக்கும் கல்யாணம் நிச்சயம் ஆனா...

பார்லரம்மா: நானும் அதையே சொன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? ‘அதே பாரசீகத்துல, நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி, அரண்மனைப் பொண்ணுங்க அழகா இருக்கணும்னு மையால மீசை வரைஞ்சுக்கிட்டாங்கம்மா, எனக்கு மைச் செலவு மிச்சம்’ங்கிறா. மியூசியம் பொண்ணு அவளுக்கும் ஃப்ரெண்டு. எனக்கு ஒரு பக்கம், அவளுக்கு ஒரு பக்கம், ரெண்டு பேருக்கும் எடுத்துக் குடுக்கிறா.

வந்தவங்க: வாயாடிதான் போல... என்ன வேலை பாக்குறா?

பார்லரம்மா: பல் டாக்டர்கிட்ட உதவிக்கு. நாள் பூரா மாஸ்க்தான். ஒரு பையன் கடவாப் பல்லு வலின்னு வந்திருக்கான். மூணு தடவை வந்தப்பவும் இவ கண்ணை மட்டும்தான் பாத்திருக்கான். நாலாவது தடவை மாஸ்க்கைக் கழட்டிட்டு டீ குடிச்சிட்டு இருக்கா. அவன் பாத்துட்டான்.

வந்தவங்க: பாத்துட்டு?

பார்லரம்மா: ஒரு நிமிஷம் பாத்துட்டு, ‘உங்களுக்கு என்னைவிட நல்லா வருதுங்க’ன்னானாம்.

வந்தவங்க: ஐயோ! அவனுக்கு எங்க மீசை வருது, இருபத்தாறு வயசாகியும் பென்சில்ல தேய்ச்ச மாதிரி... அதாவது... இந்தக் காலத்துப் பசங்களுக்கு. பொதுவா. யாருக்கும் வர்றதில்ல.

பார்லரம்மா: ஆமாமா, பொதுவா. இவ சிரிச்சிருக்கா. அவ்வளவுதான், சிரிச்சது இதோ இப்ப ரெண்டு வீடும் பேசி முடிக்கிற வரைக்கும் வந்து நிக்குது. அவங்க வீட்லேருந்து வர்றாங்க... உங்களுக்கும் ஞாயித்துக்கிழமைதானே விசேஷம்? எங்களுக்கும் அன்னிக்குத்தான்.

வந்தவங்க: அப்படியா... என்ன ஒரு... பையன் எப்படி?

பார்லரம்மா: தங்கம். ஒண்ணையும் மறைக்கத் தெரியாது. அவங்க வீட்டு விஷயம் ஒண்ணு விடாம இவகிட்ட சொல்லுவான், இவ என்கிட்ட சொல்லுவா. அவனோட அப்பா, அவன் அம்மாவுக்குத் தெரியாம வருஷக்கணக்கா ஒண்ணு ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறாராம், அது வரைக்கும் எனக்குத் தெரியும்.

வந்தவங்க: என்னது?

பார்லரம்மா: வாயை மூடுங்க, உதட்டை இறுக்கி, நாக்கால உள்ளேருந்து முட்டுக் குடுங்க.

வந்தவங்க: இருங்க. எதை ஒளிச்சு வைக்கிறாரு?

பார்லரம்மா: அது அவங்க குடும்ப விஷயம். உங்களுக்கு எதுக்கு?

வந்தவங்க: எனக்கு எதுக்கு... சரிதான், எனக்கு எதுக்கு. ஆனா சொல்ல ஆரம்பிச்சிட்டீங்களே, முடிக்க வேணாமா? சிகரெட்டா?

பார்லரம்மா: ம்ஹும்.

வந்தவங்க: லெட்டர் கிட்டரா?

பார்லரம்மா: ம்ஹும். நாக்கு!

வந்தவங்க: ம்ம்ம்... ம்ம்ம்ம்! ம்ம்!

பார்லரம்மா: அழுங்க, பரவாயில்ல. உதட்டுக்கு எல்லாரும் அழுவாங்க. போன மாசம் போலீஸ்ல இருக்கிற ஒரு மேடம் என் கையைப் புடிச்சுட்டு அவங்க அம்மாவைக் கூப்பிட்டாங்க. ...வலது பக்கம் ஆச்சு. மூச்சு விட்டுக்கோங்க.

வந்தவங்க: ஒண்ணு சொல்லட்டுமா? நான் வெளி ஆளு. ஆனாலும் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு நாளைக்கு அவளை எடுத்துக்கச் சொல்லுங்களேன். போட்டோ எடுப்பாங்க. சொந்தக்காரங்க நாலு பேர் கூட வருவாங்க, ஆளுக்கொண்ணு பேசுவாங்க. பையனோட அம்மாதான் அதுக்கெல்லாம் பதில் சொல்லணும், பாவம். அப்புறம் வளத்துக்கட்டும், யாரு வேணாங்கிறா?

பார்லரம்மா: சொல்லலைன்னு நினைக்கிறீங்களா? நேத்துக் கூட நூலைக் கையில வச்சிட்டு அவ ரூம் வாசல்ல நின்னேன். கெஞ்சினேன். வெளிய இப்படிச் சிரிக்கிறேனே தவிர, உள்ள பயமா இருக்கு. இவ புடிவாதத்துல இது முறிஞ்சு போச்சுன்னா? அந்தப் பையன் மேல அவ உயிரையே வச்சிருக்கா. அவன் போன் வந்தா, காதுல வைக்கிறதுக்கு முன்னாடியே சிரிக்கிறா. அது இல்லாம அவ வீட்ல எப்படி நடமாடுவான்னு என்னால நினைச்சுக் கூட பாக்க முடியல.

வந்தவங்க: அதுக்கு என்ன சொன்னா?

பார்லரம்மா: கோவமே படல. என் பக்கத்துல உக்காந்துட்டு மெதுவாச் சொன்னா. ‘அம்மா, ஒரு நாளைக்கு வேற மூஞ்சி வச்சுக்கிட்டு நிக்கிறது பெரிய விஷயம் இல்ல. அன்னிலேருந்து தினமும் காலையில எழுந்து அந்த மூஞ்சிய காப்பாத்தணுமே. அதை யாரு பண்ணுவா?’ன்னா.

வந்தவங்க: தினமும் காலையில...

பார்லரம்மா: என்னங்க? வலிக்குதா? ஐஸ் வைக்கட்டுமா?

வந்தவங்க: வேணாம்.

பார்லரம்மா: அப்ப இடது பக்கம் போடலாமா?

வந்தவங்க: வேணாம். போதும். நான் கெளம்புறேன்.

பார்லரம்மா: கெளம்புறீங்களா? கண்ணாடியப் பாருங்க. வலது பக்கம் சுத்தமா இருக்கு, இடது பக்கம் அப்படியே இருக்கு. பாதி மீசையோட பஸ்ல போவீங்களா?

வந்தவங்க: ஐயையோ... இது முழுசா இருந்தப்ப கூட இவ்வளவு தெரியலையே!

பார்லரம்மா: முழுசு கண்ணுக்குப் பழகிரும். பாதிதான் தெரியும். உக்காருங்க... உக்காருங்கம்மா. ஏன் கண்ணு கலங்குது? இப்ப நூல் கூட போடலையே.

வந்தவங்க: உங்க பொண்ணுக்கு என்ன வயசு?

பார்லரம்மா: இருபத்தஞ்சு.

வந்தவங்க: இந்த வயசுல அவளுக்குத் தெரிஞ்சது எனக்கு... சரி, விடுங்க. போடுங்க, இடது பக்கத்தைப் போடுங்க.

பார்லரம்மா: தாடையில கை வச்சுப் புடிச்சுக்கிறேன்... என்னம்மா இது, குத்துது?

வந்தவங்க: கையை எடுங்க!

பார்லரம்மா: எடுத்துட்டேன். ...இன்னிக்குக் காலையிலயா?

வந்தவங்க: எது?

பார்லரம்மா: பத்தொன்பது வருஷமா இதே வேலை. ரேசர் பட்ட தாடை எனக்குத் தெரியாதா? கதவு சாத்தியிருக்கு. வேற யாரும் இல்ல.

வந்தவங்க: ...தினமும்.

பார்லரம்மா: தினமுமா?

வந்தவங்க: கல்யாணம் ஆன மறுநாள்லேருந்து. இருபத்தேழு வருஷம். அஞ்சு மணிக்கு முன்னாடியே எழுந்துருவேன். பாத்ரூம் லைட் போட மாட்டேன், ஜன்னல் வெளிச்சமே போதும். குழாயைத் திறந்து விட்டுக்குவேன், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு.

பார்லரம்மா: ரேசருக்கு என்னம்மா சத்தம்?

வந்தவங்க: எனக்குக் கேக்குமே. பிரசவ ஆஸ்பத்திரியில கூட... நம்ப மாட்டீங்க... குழந்தை பொறந்து மூணாவது மணி நேரம். எல்லாரும் குழந்தையப் பாக்க வர்றாங்க. நான் ரேசர் இருக்கிற பை எங்கன்னு தேடுறேன்.

பார்லரம்மா: அடப் பாவமே... வீட்டுக்காரருக்குத் தெரியாதா?

வந்தவங்க: தெரியவே தெரியாது! அவரு எழுந்து வர்றப்ப நான் வழவழன்னு காப்பி போட்டுட்டு இருப்பேன். ரேசரைத் துணி துவைக்கிற பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். எந்த ஆம்பிளை கையும் அங்க போகாது.

பார்லரம்மா: அது சரி. பிளேடு வாங்குறது? அது தெரியாதா?

வந்தவங்க: அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல. எப்பவோ ஒரு பாக்கெட் வாங்கினேன், இன்னும் வருது. மூணு நாலு வருஷம் இருக்கும். கையை விட்டா ஒண்ணு இருக்கும். நல்ல கம்பெனி.

பார்லரம்மா: க்கும்... க்கும்...

வந்தவங்க: என்னாச்சு?

பார்லரம்மா: நூல் அறுந்துருச்சு. பல்லுல சிக்கிக்கிச்சு. இருங்க, தண்ணி குடிச்சிக்கிறேன். ...ஒரு பாக்கெட், மூணு வருஷமா?

வந்தவங்க: நாலே இருக்கும். அந்தக் காலத்துப் பொருளே தனி. ஏன் சிரிக்கிறீங்க?

பார்லரம்மா: சிரிக்கல, புரை ஏறிருச்சு. சரி, நாக்கை முட்டுக் குடுங்க... ம்ம்... ம்ம்...

வந்தவங்க: ம்ம்ம்ம்!

பார்லரம்மா: அவ்வளவுதான். முடிஞ்சுது. கற்றாழை தடவுறேன், எரிச்சல் அடங்கிரும்.

வந்தவங்க: தாடைக்கும் நூல் போட முடியுமா? ஒரேயடியா அந்த ரேசரைத் தூக்கிப் போட்டுரலாம்னு...

பார்லரம்மா: முடியும், ஆனா இன்னிக்கு முடியாது. வழிச்ச முடி குட்டையா இருக்கு, நூலுக்குப் பிடி கிடைக்காது. பத்து நாளாவது அப்படியே வளர விடணும்.

வந்தவங்க: பத்து நாளா! அவரு பாத்துருவாரே!

பார்லரம்மா: பாத்தா பாக்கட்டும்.

வந்தவங்க: உங்களுக்கென்ன, சொல்லிருவீங்க. இருபத்தேழு வருஷம் பாக்காத தாடிய திடீர்னு ஒருநாள் பாத்தா அந்த மனுஷன் மயக்கம் போட்டு விழுந்துருவாரு. என்னைப் பத்தி என்ன நினைப்பாரு? இத்தனை நாள் ஏமாத்திட்டான்னு...

பார்லரம்மா: தைரியமா இருங்க. என் பொண்ணு இருக்காளே.

வந்தவங்க: உங்க பொண்ணை அவன் மாஸ்க் இல்லாமயே பாத்துட்டுச் சரின்னுட்டான். நான் மாஸ்க்கோடவே கல்யாணம் பண்ணி, மாஸ்க்கோடவே பிள்ளை பெத்து... அதைத்தான் அந்தப் பொண்ணு சொல்றா. காப்பாத்தணுமேங்கிறா. எவ்வளவு பெரிய வேலை அது. அஞ்சு மணிக்கு எழுந்து பாத்தாத்தான் தெரியும். உண்மையச் சொல்றேன், நீங்க அவ பேச்சைச் சொன்னப்ப எனக்கு அவ மேல பொறாமையா இருந்துது. அப்புறம்... இவ நம்ம... இவ ஒரு வீட்டுக்கு வந்தா நல்லா இருக்கும்னு இருந்துது.

பார்லரம்மா: அந்த வீட்டம்மாவும் அப்படி நினைக்கணுமே.

வந்தவங்க: நினைப்பாங்க.

பார்லரம்மா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

வந்தவங்க: தெரியும். எல்லா அம்மாவும் ஒண்ணுதானே. நீங்க நூலை எடுத்துட்டு அவ ரூம் வாசலுக்கு இனிமே போகாதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே வந்து நிக்கட்டும். யாராவது சொந்தக்காரங்க வாயைத் திறந்தா அந்தம்மா பாத்துக்குவாங்க. புரிஞ்சுதா?

பார்லரம்மா: ...புரிஞ்சுது. எனக்கு இப்ப நிஜமாவே கண்ணுல தண்ணி வருது. நூலே இல்லாம.

வந்தவங்க: நானும் நாளைக்கு அஞ்சு மணிக்கு எழுந்துக்கப் போறதில்ல. ஆறரை வரைக்கும் தூங்கப் போறேன். அவ மீசையோட நிக்கட்டும், ஞாயித்துக்கிழமை நான் தாடியோட வர்றேன்.

பார்லரம்மா: எங்க வர்றீங்க?

வந்தவங்க: எங்க... கல்யாணத்துக்குத்தான். அண்ணன் பையன் கல்யாணத்துக்கு.

பார்லரம்மா: முதல்ல அக்கா பையன்னீங்க.

வந்தவங்க: அக்கா... அண்ணனுக்குத் தத்துக் குடுத்துட்டா.

பார்லரம்மா: குடுக்கட்டும், குடுக்கட்டும். கைப்பைய மறந்துட்டீங்க, இந்தாங்க. மூணு மணி நேரம் சோப்புப் போடாதீங்க, வெயில்ல நிக்காதீங்க.

வந்தவங்க: சரி. வர்றேன். ...ஒரே ஒரு விஷயம்.

பார்லரம்மா: கதவைத் திறந்துட்டு நிக்குறீங்க, சொல்லுங்க.

வந்தவங்க: நான் கேக்கக் கூடாதுதான். வெளி ஆளு. ஆனா இதைத் தெரிஞ்சுக்காம போனா எனக்கு இன்னிக்கு ராத்திரி சோறு இறங்காது. அந்தப் பையனோட அப்பா... அந்தம்மாவுக்குத் தெரியாம அப்படி என்னத்தைத்தான் ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறாரு?

பார்லரம்மா: பிளேடுதான். பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி, உங்க பாக்கெட் தீரத் தீர அவருதான் சத்தம் போடாம நிரப்பி வைக்கிறாரு... கணக்கு டீச்சர் நீங்க, நாலு வருஷத்துல ஒரு தடவையாவது எண்ணிப் பாத்திருக்க வேணாமா, சம்பந்தி?